மண் வீட்டில் நாலு நாள்!

அமெரிக்கா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வானத்தை முட்டும் கட்டடங்கள், கண்ணாடிச் சுவர்கள், ஓடும் படிக்கட்டுகள்! அதே அமெரிக்காவில், நம்ம பாட்டி காலத்துக் கிராமம் போல மண் நிறச் சுவரும் மரத் தூணுமாக ஓர் ஊர் இருக்கிறது. அதுவும் சாதாரண ஊர் இல்லை, ஒரு மாநிலத்தின் தலைநகரம் என்றால் நம்புவீர்களா?

நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் சான்டா ஃபேதான் அது. 1610-ல் ஸ்பானியர்கள் தலைநகராக அமைத்த ஊர். அமெரிக்காவின் மாநிலத் தலைநகரங்களிலேயே வயதில் மூத்தது இதுதான். 'பழைய அழகு கெடக்கூடாது' என்று 1957-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். ஊரின் பழைய பகுதியில் புதிதாக வீடு கட்டினாலும் பழைய பாணியில்தான் கட்ட வேண்டும்.

அந்த ஊரில் நாங்கள் நாலு நாள் தங்கினோம். அங்கே பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். வயதானவர், கைக்குழந்தை, சைவச் சாப்பாடு... இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அந்த வறண்ட மலையூரில் எப்படித் தங்கினோம், என்ன சாப்பிட்டோம் என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ போகிறவர்களுக்கு உபயோகப்படுமே!

ஊட்டி உயரம், பாலைவன வறட்சி

என் கொழுந்தனுக்கு ஆல்புகர்க்கி நகரத்தில் வேலை. அங்கிருந்து சான்டா ஃபேக்குக் காரில் ஒரு மணி நேரப் பயணம். ரயிலும் உண்டு. நான், இவர், அத்தை (என் மாமியார்), கொழுந்தன், ஓரகத்தி, அவளுடைய பத்து மாதக் குழந்தை என்று கிளம்பினோம். செப்டம்பர் மாதம்.

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். முட்டை கூடத் தொடாத சைவம். அதற்கு முந்தைய ஆறு நாளும் வேறு ஊர்களைச் சுற்றியதில் ரொட்டி, வாழைப்பழம், பால் என்றே காலம் தள்ளியிருந்தார். முகமே வாடிவிட்டது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, நீங்க சாப்பிடுங்க" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

சான்டா ஃபே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,190 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம்! ஆனால் ஊட்டியின் ஈரமும் பசுமையும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வருடத்துக்குச் சுமார் 350 மில்லி மீட்டர்தான் மழை. சென்னையில் பெய்வதில் நாலில் ஒரு பங்கு! பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரியில் கம்பளி கேட்கும் குளிர். காற்றில் ஈரமே இல்லாததால் வியர்ப்பதே தெரியாது. உடம்பில் இருக்கும் தண்ணீர் நமக்குத் தெரியாமலே வற்றிவிடும்.

போய் இறங்கிய சாயங்காலமே அத்தைக்குத் தலைவலி, லேசாக மூச்சு வாங்கல். கொழுந்தன் அனுபவஸ்தர். "அண்ணி, இன்னிக்கு யாரும் எங்கேயும் சுத்த வேண்டாம். அம்மா படுத்துக்கட்டும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க. நாளைக்கும் தலைவலி விடலைன்னா, மூச்சு அதிகமா வாங்கினா உடனே டாக்டர்" என்றார். அதன்படியே செய்தோம். உயரமான ஊருக்குப் போனால் முதல் நாள் ஓய்வு என்பது எல்லோருக்குமே பொருந்தும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால் வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். தாயும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குழந்தையின் உதட்டுக்கும் கன்னத்துக்கும் ஓரகத்தி வாசலின் தடவிக்கொண்டே இருந்தாள்.

பெண்கள் மெழுகிய சுவர்

நாங்கள் தங்கியது ஊர் நடுவே உள்ள 'பிளாசா' என்ற சதுக்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், சமையலறையோடு கூடிய ஒரு சின்ன விடுதி. நிஜமான மண் வீடு. களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் பிசைந்து, அச்சில் வார்த்து, சூளையில் வைக்காமல் வெயிலிலேயே காயவைத்த கல்லுக்கு 'அடோபி' என்று பெயர். அதைக் கொண்டு கட்டிய கனத்த சுவர்கள். பகல் வெயிலை மெதுவாக உள்வாங்கி, ராத்திரி குளிரும்போது மெதுவாக வெளியே விடும். மத்தியானம் வெளியிலிருந்து உள்ளே நுழைந்தால் அப்பாடா என்றிருக்கும்!

கூரைக்கு மொத்தமான உத்தரக் கட்டைகள். அறையின் மூலையில் கூண்டு போல வளைந்த கணப்பு. முற்றத்தில் தேன்கூட்டை நிறுத்தி வைத்தது போல ஒரு மண் அடுப்பு. அதற்கு 'ஓர்னோ' என்று பேர். அதற்குள் விறகை எரித்து, நெருப்பை வாரிவிட்டு, சுவரில் தங்கிய சூட்டிலேயே ரொட்டி சுடுவார்கள்.

ஒரு விஷயம் கேட்டதும் எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. அந்தக் காலத்தில் இந்த ஊர்ப்பக்கம் சுவர் எழுப்புவது ஆண்கள் வேலை என்றால், சேறு குழைத்துக் கையால் பூசி மெழுகுவது பெண்கள் வேலையாம். அதில் கை தேர்ந்த பெண்களுக்கு 'என்ஹராடோரா' என்றே பெயர் உண்டு. மழையில் கரைந்த பூச்சை அவ்வப்போது புதுப்பித்து வீட்டைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். அத்தை சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாங்க பொங்கலுக்கு மெழுகுவோமே, அதே கைவாகுதான்" என்றார்.

இன்னொன்று. வெளியே மண் நிறம் பூசியிருப்பதெல்லாம் மண் வீடு அல்ல. மரச் சட்டத்தின் மேல் சிமென்ட் பூசியவையும் நிறைய உண்டு. அசல் அடோபியில் தங்க ஆசைப்பட்டால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

நீலச் சோளக் கஞ்சி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாடு!

இந்த ஊர் உணவுக்கு ஆதாரம் மூன்றே பொருள்கள்: மக்காச்சோளம், பீன்ஸ், மிளகாய். கேட்டால் நம்ம வீட்டுச் சமையல் போல இருக்கிறதல்லவா? ஆனால் உஷார்! பார்க்கச் சைவமாக இருப்பதெல்லாம் சைவமல்ல. மதியம் ஒரு ஹோட்டலில் அத்தைக்காக 'பீன்ஸும் சாதமும்' கேட்டோம். பரிமாற வந்த பெண் நல்லவள். "பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறது, சாதம் கோழிச் சாற்றில் வெந்தது" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் காலை ஒரு சின்ன உணவகத்தில் 'அடோலே' என்று ஒன்றைக் கண்டோம். நீல நிற மக்காச்சோளத்தை வறுத்து அரைத்த மாவில் செய்த கஞ்சி! என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டோம். மாவு, தண்ணீர், சர்க்கரை, பட்டைத்தூள். அவ்வளவுதான். அத்தை ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். இன்னொரு ஸ்பூன். பிறகு கிண்ணத்தையே கையில் எடுத்துக்கொண்டார். "கேப்பைக் கூழு மாதிரியே இருக்கு! இன்னும் கொஞ்சம் கிடைக்குமான்னு கேளு." ஆறு நாளுக்குப் பிறகு அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஊர் ஆதிகுடிகளின் சமையல் ஞானத்தையும் சொல்ல வேண்டும். கஞ்சி வைக்கும்போது ஜூனிப்பர் என்ற மரத்தின் சாம்பலைத் துளி சேர்ப்பார்கள். நீல நிறமும் தூக்கலாக இருக்கும், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். 'பொசோலே' என்ற குழம்புக்கான சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத் தோலை நீக்குவார்கள். இதனால் சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் ஒட்டுகிறது. இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்த வேறு நாட்டு ஏழைகளுக்கு 'பெலாக்ரா' என்ற சத்துக்குறைவு வியாதி வந்திருக்கிறது. சோளத்தோடு பீன்ஸ் சேர்ப்பதும் அப்படித்தான். ஒன்றில் குறைகிற புரதச் சத்தை மற்றது ஈடு கட்டுகிறது. நாம் இட்லிக்கு அரிசியோடு உளுந்து போடுவதும் இதே கணக்குதானே?

கேட்க வேண்டிய நாலு கேள்வி

சைவக்காரர்கள் ஆர்டர் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்:

1. பீன்ஸில் 'லார்ட்' (பன்றிக் கொழுப்பு) உண்டா? ஸ்பானிஷில் 'மான்டேகா' என்பார்கள்.
2. மிளகாய்க் குழம்பில் மாமிசம் உண்டா?
3. சாதம் கோழிச் சாற்றில் வெந்ததா?
4. ரொட்டி மாவில் லார்ட் சேர்த்துப் பிசைந்ததா?

'பிஸ்கோசீட்டோ' என்று சோம்பு வாசனையோடு ஒரு பிஸ்கெட் கிடைக்கும். 1989-லேயே மாநிலத்தின் பிஸ்கெட் என்று அறிவிக்கப்பட்டது! ஆனால் பழைய முறையில் அதைச் செய்வது லார்டில்தான். அதையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

சிவப்பா, பச்சையா?

எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் முதலில் கேட்பது, "சிவப்பா, பச்சையா?" எந்த மிளகாய்க் குழம்பு வேண்டும் என்று அர்த்தம். இரண்டுமே ஒரே செடியின் காய்தான். பச்சை என்பது சுட்டுத் தோலுரித்தது, சிவப்பு என்பது பழுத்துக் காய்ந்தது. இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும்! செப்டம்பரில் கம்பி வலை உருளைகளில் பச்சை மிளகாயைப் போட்டு நெருப்பில் சுழற்றிச் சுடுவார்கள். ஊரே கமகமக்கும். வாசலுக்கு வாசல் மிளகாய் வற்றலைச் சரம் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

மிளகாய்க்குப் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம்தான். போர்ச்சுகீசியர்கள் கொண்டு வந்த பிறகுதான் நமக்கு அது வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். அதனால்தான் புதிதாக வந்த காயை மிளகு போலக் காரமான காய், 'மிளகாய்' என்றோம்!

காரம் தாங்காவிட்டால் தண்ணீர் குடித்துப் பிரயோஜனமில்லை. பால், தயிர்தான் எரிச்சலை அடக்கும். அங்கே 'சோப்பாபியா' என்று நம்ம பூரி போல உப்பிய பண்டம் கொடுப்பார்கள். மூலையைப் பிய்த்து உள்ளே தேன் விட்டுச் சாப்பிட வேண்டும். இதற்காக மேஜைக்கு மேஜை தேன் பாட்டில்!

அத்தை ஆசையாக விரலில் தேனைத் தொட்டுப் பேரன் வாய்க்குக் கொண்டு போனார். ஓரகத்தி மெல்லக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வயசு ஆகட்டும் அத்தை." தேனில் 'பாட்டுலிசம்' என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். இளம் தாய்மார்களே, சேனை வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் தேன் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

கண்ணுக்கு விருந்து

பிளாசாவின் ஒரு பக்கம் நீளமான மண் கட்டடம். 1610-ல் தொடங்கிய கவர்னர் மாளிகை. 1680-ல் ஆதிகுடிகள் ஒன்று திரண்டு ஸ்பானியர்களைத் துரத்திவிட்டுப் பன்னிரண்டு வருடம் ஆண்ட இடம். இன்று அதன் தாழ்வாரத்தில் அதே மக்களின் வழித்தோன்றல்கள் பாய் விரித்து, கையால் செய்த நகையும் மண்பாண்டமும் விற்கிறார்கள். பக்கத்திலேயே 1922-ல் கட்டிய 'லா ஃபோன்டா' ஹோட்டல். அதன் உள் அலங்காரம் மேரி கோல்டர் என்ற பெண்மணியின் கைவண்ணம். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரெல்லாம் கையால் வண்ணம் தீட்டிய கண்ணாடிகள். தங்க முடியாவிட்டாலும் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வரலாம்.

விடுதியில் சமைக்கிறவர்களுக்கு

இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சாதமும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் சீக்கிரம் வேகாது. குக்கர் கட்டாயம். ஓரகத்தி கொண்டு வந்த சின்ன குக்கரில், ராத்திரி ஊறவைத்த பின்டோ பீன்ஸை வேகவைத்து, சீரகம், பூண்டு, சுட்ட பச்சை மிளகாய் போட்டுத் தாளித்தோம். அத்தை இரண்டு வேளை திருப்தியாகச் சாப்பிட்டார். நாலாம் நாள் கோயில் படி ஏறுகிற மாதிரி விறுவிறு என்று நடந்தார்.

நம்ம ஊரிலும் அடோலே

மக்காச்சோள மாவு கால் கப் எடுத்து (கடையில் கிடைக்கும் வெள்ளை கார்ன்ஃப்ளார் அல்ல, மஞ்சள் சோளத்தை அரைத்த மாவு), வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுக்கவும். அரை கப் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை கப் தண்ணீரில் ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் கிளறவும். ஒரு சிட்டிகை உப்பு, வெல்லம், பட்டைத்தூள் சேர்த்து இறக்கவும். வேண்டுமானால் பால் விட்டுக்கொள்ளலாம். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் பல் இல்லாத பெரியவர்களுக்கும் இதமாக இருக்கும். வீட்டில் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்று சொல்லுகிறவர்கள் இருந்தால், அவர்களுக்கு முதலில் செய்து கொடுங்கள்!