கிடங்கில் அடைக்க முடியாத சரக்கு

நமது தொழிலில் புளி, மிளகாய் வற்றலை மாதக்கணக்கில் இருப்பு வைக்கலாம். வெங்காயம் சில வாரம் தாங்கும். தக்காளியோ மறுநாளே விலை போகாது. உற்பத்தியான நொடியிலேயே செலவாக வேண்டிய சரக்கு ஒன்று உண்டு. அதுதான் மின்சாரம். இந்தச் சரக்கினால் நேபாளம் பட்ட பாடும், அதிலிருந்து மீண்ட விதமும் வணிகர்களாகிய நாம் அறிய வேண்டியவை.

இமயமலை நாடான நேபாளத்தில் கோசி, கண்டகி, கர்ணாலி என்று பெரிய ஆறுகள் பாய்கின்றன. காத்மாண்டு அருகே பர்பிங்கில் 1911ஆம் ஆண்டிலேயே 500 கிலோவாட் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்படியிருந்தும் 2008-09 குளிர்காலத்தில் அந்நாட்டு மக்கள் நாளொன்றுக்கு 16 மணி நேரம் வரை மின்வெட்டில் தவித்தார்கள். கடைக்காரர்கள் டீசல் ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் நம்பி வியாபாரம் செய்தார்கள். அந்தச் செலவு எந்தச் சரக்கின் தலையில் விழுந்திருக்கும் என்பதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காரணம் என்ன? அங்குள்ள நிலையங்களில் பெரும்பாலானவை பெரிய அணை இன்றி, ஓடும் ஆற்று நீரைக் கொண்டே இயங்குபவை. மழைக்காலத்தில் உற்பத்தி பெருகும். குளிர்காலத்தில் ஆறு வற்றிச் சரிந்துவிடும். தேவையோ அந்நாட்களில் குளிர்கால மாலையில்தான் உச்சத்துக்குப் போனது. கிடங்கு என்று சொல்லத்தக்கது குலேகானி நீர்த்தேக்கம். அங்கே 60 மெகாவாட் நிலையம் 1982இல் வந்தது. அதே தண்ணீரைக் கொண்டு கீழே மேலும் இரண்டு நிலையங்கள் பின்னர் அமைந்தன. உள்நாட்டுப் போரால் புதிய திட்டங்கள் தேங்கின. 2008 ஆகஸ்டில் கோசி கரை உடைந்ததில் இந்தியாவிலிருந்து மின்சாரம் வந்த கம்பித்தடமும் சேதமானது.

2016 செப்டம்பரில் மின்சார வாரியத்தின் தலைமைக்கு அதன் பொறியாளரான குல்மான் கீசிங் வந்தார். புதிய நிலையம் கட்டி முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. உள்ள சரக்கு யாருக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தார். வீடுகளும் சிறு கடைகளும் இருளில் கிடக்க, சில ஆலைகளுக்குத் தனி இணைப்பில் தடையின்றி மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. மாலை நேரத்தில் அதைக் குறைத்தார்கள். குலேகானி நீரை மாலைத் தேவைக்கென்று சேமித்தார்கள். இந்தியாவிலிருந்து கூடுதலாகக் கொள்முதல் செய்தார்கள். அந்த ஆண்டு தீபாவளியில், லட்சுமி பூஜை இரவன்று, காத்மாண்டு மின்வெட்டின்றி ஒளிர்ந்தது. 2018 மே மாதம் ஆலைகள் உள்பட நாடு முழுவதும் மின்வெட்டு நீங்கியதாக அறிவித்தார்கள். 25 சதவீதத்தைத் தாண்டியிருந்த திருட்டும் கசிவும் சில ஆண்டுகளில் 15 சதவீத அளவுக்கு இறங்கின.

பின்னர் 2021இல் மேல் தாமாகோசியில் 456 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. உள்நாட்டு நிறுவனங்களின் கடனும் பொதுமக்களின் பங்குப் பணமும் போட்டுக் கட்டியது அது. அதே ஆண்டு நவம்பரில் இந்திய மின்சந்தையில் நேபாளம் உபரியை விற்கத் தொடங்கியது. ஆனாலும் குளிர்காலத்தில் வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் வெள்ளம் பல நிலையங்களைச் சேதப்படுத்தியது. தனி இணைப்பு பெற்ற ஆலைகளின் கட்டண பாக்கித் தகராறும் பல ஆண்டுகள் இழுத்தது. அன்றன்று சிட்டை எழுதாத கணக்கு பின்னால் சண்டையாகும் என்பது நாம் அறிந்ததுதானே!

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. சரக்குத் தட்டுப்பாடு வரும்போது, மொத்தமாகக் கேட்பவருக்குப் பின்வாசலில் மூட்டைகளை ஏற்றிவிட்டு, வாடிக்கைச் சில்லறைக் கடைக்காரரை "நாளைக்கு வாங்க" என்று நாம் திருப்பி அனுப்பியதில்லையா? பற்றாக்குறை ஒருபுறம் இருக்க, பங்கீடு கோணலானால் இருட்டு இரட்டிப்பாகும். இருப்பதைச் சரியாகப் பகிர்ந்தால் குறைந்த சரக்கிலும் பாதி ஊர் பசியாறும். வாடிக்கையாளரின் நம்பிக்கையும் நிலைக்கும்.