டிரைவர் வீச்சும் கணவாய்க் காற்றும்

கோல்ஃப் பையில் இருக்கும் மட்டைகளில் மிக நீளமானது டிரைவர். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 45 முதல் 46 அங்குலம் வரை இருக்கும். தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. முகத்தின் சாய்வு பொதுவாக 9 முதல் 12 டிகிரி வரைதான். டீ என்னும் சிறு குச்சியின் மேல் பந்தை நிறுத்தி, ஆட்டத்தின் நீண்ட குழிகளை இதைக் கொண்டுதான் தொடங்குவார்கள். நீளமும் குறைந்த சாய்வும் பந்தை நெடுந்தூரம் அனுப்புகின்றன. பொழுதுபோக்காக ஆடுபவரைத் தடுமாற வைப்பவையும் இவையே. மட்டை நீள நீளப் பந்தை முகத்தின் நடுவில் வாங்குவது கடினமாகிறது. சாய்வு குறையக் குறையப் பந்து பக்கவாட்டில் வளைவது கூடுகிறது.

சோமனூர், சூலூர், பல்லடம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அருகில் உள்ள பெரிய மைதானம் கோவைக்குத் தென்கிழக்கே செட்டிபாளையத்தில் இருக்கிறது. 18 குழிகள் கொண்ட அந்த மைதானத்தில் டிரைவரை எடுப்பவர், தன் கையோடு காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பந்தும் மட்டையின் முகமும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்தக் கணத்தில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கமே பந்து புறப்படும். மட்டை நகரும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள வேறுபாடு, பந்து எப்படி வளையும் என்பதைத் தீர்மானிக்கிறது. வலக்கையால் ஆடுபவரின் மட்டை வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டி வரும்போது, முகம் அந்தப் பாதைக்கு வலப்புறமாகத் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளைந்தோடும். இதுதான் ஸ்லைஸ். புதிதாக ஆடுபவர்களில் மிகப் பலருக்கு இருக்கும் குறை இது. பந்து வலப்பக்கம் போகிறதே என்று உடலை இடப்பக்கம் திருப்பி நின்று அடிப்பதுதான் பலரும் செய்யும் மாற்று. அப்படி நின்றால் வெட்டு இன்னும் கூடும், வளைவும் கூடும்.

இந்தக் குறையின் பெரும்பகுதி மட்டையை ஓங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இடக்கையின் உள்ளங்கையில் பிடியை அடைத்துப் பிடித்தால் மணிக்கட்டு இறுகி, முகம் திறந்தே வரும். பிடி விரல்களின் அடியில் படிந்திருக்க வேண்டும். குனிந்து பார்க்கும்போது இடக்கையின் இரண்டு, மூன்று விரல் முட்டிகள் தெரிந்தால் பிடி சரி. கால்களைத் தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக அகட்டி, பந்து இடது குதிகாலுக்கு நேராக வரும்படி நிற்க வேண்டும். வலத்தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். தரையில் வைத்த மட்டைத் தலையின் மேல் விளிம்புக்கு மேலே பந்தின் பாதி தெரியும் அளவுக்கு டீ உயரமாக இருக்கட்டும். இப்படி நின்றால், தலை தன் பாதையின் அடிப்புள்ளியைக் கடந்து மேலே ஏறத் தொடங்கும்போது பந்தைச் சந்திக்கும். இரும்பு மட்டைகளில் பந்தைக் கீழ்நோக்கி அடித்துப் பழகியவருக்கு இது புதிதாகத் தோன்றும்.

ஓங்கும்போது தோள்கள் ஏறத்தாழ 90 டிகிரி திரும்பினால் நல்லது. உடல் வளையாதவருக்கு அதில் முக்கால் பங்கு போதும். இறக்கும்போதுதான் தவறு நடக்கிறது. வேகமாக அடிக்கும் ஆசையில் வலத்தோள் முதலில் பாய, மட்டை வெளியே தள்ளப்படுகிறது. இடக்கால் எடையை வாங்கி இடுப்பு திரும்பத் தொடங்கிய பிறகே கைகள் இறங்க வேண்டும். இதைப் பழக எளிய வழி ஒன்று உண்டு. பந்துக்கு ஓரடி பின்னால், அதன் மறுபக்கத்தில் சில அங்குலம் தள்ளி, மட்டையின் துணி உறையை வைத்து அடித்துப் பார்க்கலாம். வெளியிலிருந்து வெட்டி வரும் மட்டை உறையைத் தட்டிவிடும்.

பலத்தைவிட நடுமுகம் முக்கியம் என்பதைக் கணக்கே காட்டுகிறது. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் சுழற்றி முகத்தின் ஓரத்தில் வாங்கியவருக்கு, பந்து மட்டையைப் போல் 1.35 மடங்கு வேகம் பெற்றால், அது 202 கி.மீ. வேகத்தில் கிளம்பும். 140 கி.மீ. வேகத்திலேயே சுழற்றி நடுவில் வாங்கியவருக்கு 1.48 மடங்கு கிடைத்தால், பந்தின் வேகம் 207 கி.மீ. மெதுவாகச் சுழற்றியவரே முந்துகிறார். திசையின் கணக்கு இன்னும் கடுமையானது. புறப்படும்போது 5 டிகிரி விலகிய பந்து, வளையாமலே போனாலும், 200 மீட்டரில் 17 மீட்டர் தள்ளி விழும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற பெங்களூரின் அதிதி அசோக், டிரைவர் தூரத்தில் உடன் ஆடிய பலருக்கும் பின்தங்கியவர்தான். நேராக அடித்ததும், குழியருகே அவருக்கு இருந்த தேர்ச்சியும் அந்தக் குறையை ஈடுகட்டின. பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று அறிய, முகத்தில் மெல்லிதாகப் பவுடர் தடவி அடித்தால் தடம் தெரிந்துவிடும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இனி காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே பாய்ந்து வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பியே நிற்கின்றன. இந்தக் காற்றை எதிர்த்து அடிக்க நேர்ந்தால், டீயைத் தரையோடு தாழ்த்திப் பலமாக அடிப்பதே பலரின் வழக்கம். அதனால் இரண்டு கெடுதல். தாழ்ந்த பந்து முகத்தின் கீழ்ப்பாதியில் படும். கீழ்ப்பாதியில் பட்ட பந்துக்குப் பின்சுழற்சி கூடும். பலமான அடி அதை இன்னும் கூட்டும். பின்சுழற்சிதான் பந்துக்குத் தூக்குவிசை தருவது. எதிர்க்காற்றில் அந்த விசை பெருகி, பந்து மேலே மேலே எழும்பி, முன்னேறாமல் விழுந்துவிடும். டீயின் உயரத்தை மாற்றாமல், பிடியை ஓர் அங்குலம் கீழே பிடித்து, முக்கால் ஓங்கலோடு நடுமுகத்தில் வாங்குவதே இதற்கு மருந்து. பின்காற்றில் டீயைச் சற்று உயர்த்தலாம். பக்கக்காற்று ஸ்லைஸைப் பெரிதாக்கிக் காட்டும். குறையை மைதானத்தில் திருத்தப் பார்க்காமல், வளைவுக்கு இடம் விட்டு இலக்கு வைப்பது மேல்.

உதகை மைதானத்தில் கிடைத்த தூரத்தைக் கோவையில் எதிர்பார்க்கவும் கூடாது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் பந்து அங்கே கூடுதலாகப் பறக்கும். சமவெளியில் ஆடுபவர் தன் தூரத்தை அமைதியான காலை வேளையில் அளந்து வைத்துக்கொள்ளலாம். மட்டை வாங்கும்போது, நடுத்தர வேகம் உள்ளவர் 9 டிகிரியை விட்டு 10.5 அல்லது 12 டிகிரியை எடுப்பது நல்லது. அந்தச் சாய்வு பந்தை எளிதில் எழுப்பும். பக்க வளைவையும் குறைக்கும். குறுகலான குழியில் காற்று பலமாக வீசினால், டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு மூன்றாம் எண் வுட் மட்டையை எடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை.