கறுத்த இலை

சென்ற கிழமை என் இளைய மகள் முகம் வாடி வந்து, "ஐயா, என் பரிசோதனை பிழைத்துவிட்டது" என்றாள்.

சாடியில் வளர்ந்த செவ்வரத்தையின் இலையொன்றிலே நண்பகலிற் கரிய தாளைப் பொருத்தி, நான்கு மணி நேரம் வெயிலில் விட்டிருக்கிறாள். பின்னர் இலையை அவித்து, மதுசாரத்தாற் பச்சையம் நீக்கி, அயடீன் இட்டாள். ஜேர்மனிய அறிஞர் யூலியஸ் சாக்ஸ் 1860களிலே செய்து காட்டிய சோதனையின் வழி வந்தது இது. ஒளி பட்ட இடம் மாப்பொருளாற் கருநீலமாதல் வேண்டும். மறைத்த இடம் கபிலமாயிருத்தல் வேண்டும். இலையோ முழுவதும் கறுத்தது.

"நூலில் உள்ளவாறே எழுதிவிடட்டுமா?"

யான் தாவரவியல் கற்றவனல்லன். ஏடு பார்த்துப் பாடம் ஒப்புநோக்கும் முறையை அறிவேன். பொருந்தாத பாடத்தை மறைத்துத் தன் பாடத்தை எழுதுபவன் நூலைக் கெடுப்பவன். "கண்டதை எழுது, பிள்ளை, பிறகு காரணத்தைத் தேடுவோம்" என்றேன்.

அயடீன் பழுதோ? சோற்றுப் பருக்கை கறுத்தது. வெறும் நீர் கறுக்கவில்லை. தாளினூடே ஒளி புகுந்ததோ? தாள் இரட்டையாய் மடித்தது. தாளைப் பொருத்துமுன் செடி எங்கே நின்றது?

"முற்றத்து வெயிலிலே, ஐயா."

காலை முழுதும் ஆக்கிய மாப்பொருள் மறைத்த இடத்திலும் எஞ்சியிருந்தது! செடியை 48 மணி நேரம் இருட்டறையில் வைத்தோம். ஓர் இலையைச் சோதித்து, மாப்பொருள் இன்மை கண்ட பின்னரே மீளச் செய்தாள். தாளின் வடிவம் கபிலமாய்த் தெளிந்தது.

அவள் குறிப்பேட்டிலே இரண்டு முடிவுகளும் உள்ளன. ஆசிரியப் பெருமக்காள், முதலாவதற்கும் புள்ளி இடுங்கள். இன்றேல், அடுத்த முறை பிள்ளைகள் நூலைப் பார்த்தே எழுதுவர்.