சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் 2008 தொடக்க ஆட்டங்கள்

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் 2008 தொடக்க ஆட்டங்கள் என்பன, இந்தியன் பிரீமியர் லீக் எனப்படும் தொழில்முறை இருபது20 துடுப்பாட்டக் கூட்டிணைவின் முதற் பருவத்தில் அவ்வணி 2008 ஏப்ரல் 19 முதல் மே 6 வரை ஆடிய ஏழு ஆட்டங்களைக் குறிக்கும். இவற்றுள் முதல் நான்கில் சென்னை தொடர்ந்து வென்றது. அடுத்த மூன்றில் தொடர்ந்து தோற்றது. ஒரே அணி மூன்று வாரத்துக்குள் இவ்வாறு இரு வேறு முகம் காட்டியதன் காரணமும், முதல் நான்கு வெற்றிகள் பருவ முடிவில் புள்ளிப் பட்டியலை எவ்வாறு தீர்மானித்தன என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பின்னணி

2008 சனவரி 24 அன்று நடந்த ஏலத்தில் எட்டு நகரங்களுக்கான அணி உரிமைகள் விற்கப்பட்டன. சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி அமெரிக்க டாலருக்குப் பெற்றது. ஆட்டக்காரர்களுக்கான ஏலம் பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடைபெற்றது. மும்பைக்குச் சச்சின் டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு சவுரவ் கங்குலி என ஐந்து அணிகளுக்குச் சிறப்பு நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஏலமின்றியே ஒதுக்கப்பட்டிருந்தனர். சென்னைக்கு அவ்வாறு எவரும் இல்லை. நட்சத்திர ஆட்டக்காரருக்கு அணியில் மிக அதிக விலை பெற்றவரைவிட 15 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்ற விதி சென்னையைக் கட்டுப்படுத்தவில்லை. மகேந்திர சிங் தோனிக்கு 15 இலட்சம் டாலர் வரை கேட்க அவ்வணியால் முடிந்ததற்கு இது ஒரு காரணம். அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலையும் அதுவே.

இக்கட்டுரைக்கு அதைவிட முக்கியமானவை வேறு இரு விலைகள். ஆஸ்திரேலியாவின் மாத்தியூ ஹேடன் 3,75,000 டாலருக்கும், மைக் ஹசி 3,50,000 டாலருக்கும் வாங்கப்பட்டனர். அவர்களுடைய தகுதியை நோக்க இவை குறைந்த தொகைகள். ஆஸ்திரேலிய அணி மே மாதத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லவிருந்ததால் அவர்கள் பருவம் முழுவதும் ஆட மாட்டார்கள் என்பதை ஏலம் கேட்டோர் யாவரும் அறிந்திருந்தனர். சென்னை வாங்கியது, சில வாரங்களுக்கு மட்டும் கிடைக்கும் இரு பெரும் மட்டையாளர்களை.

முதல் நான்கு வெற்றிகள்

சென்னையின் முதல் ஆட்டம் ஏப்ரல் 19 அன்று மொகாலியில் கிங்ஸ் இலெவன் பஞ்சாப் அணிக்கு (2021 முதல் பஞ்சாப் கிங்ஸ்) எதிராக நடந்தது. சென்னை 5 விக்கெட் இழப்புக்கு 240 ஓட்டங்கள் எடுத்தது. மைக் ஹசி 54 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 116 ஓட்டங்கள் குவித்தார். அதில் 9 சிக்சர்கள். அதுவரை தேர்வு ஆட்டங்களில் நிதானத்துக்குப் பெயர்பெற்றிருந்த ஒருவரிடமிருந்து இது எதிர்பாராத ஆட்டம். பஞ்சாப் அணியும் எளிதில் பணியவில்லை. ஜேம்ஸ் ஹோப்சு 71, குமார் சங்கக்கார 54 ஓட்டங்கள் எடுக்க, அவ்வணி 4 விக்கெட் இழப்புக்கு 207 ஓட்டங்கள் வரை சென்று 33 ஓட்டங்களால் தோற்றது.

ஏப்ரல் 23 அன்று மா. அ. சிதம்பரம் அரங்கில் சென்னையின் முதல் உள்ளூர் ஆட்டம் நடைபெற்றது. எதிரணி மும்பை இந்தியன்ஸ். டெண்டுல்கர் காயமுற்றிருந்ததால் ஹர்பஜன் சிங் அணித்தலைவராக இருந்தார். ஹேடன் 81, சுரேஷ் ரெய்னா 53 ஓட்டங்கள் எடுக்கச் சென்னை 5 விக்கெட் இழப்புக்கு 208 ஓட்டங்கள் பெற்றது. மும்பை 7 விக்கெட் இழப்புக்கு 202 எடுத்தது. வேறுபாடு 6 ஓட்டங்கள், அதாவது ஒரே ஒரு சிக்சர். இந்த ஆறு ஓட்டங்கள் பற்றிப் பின்னர் மீண்டும் காண்போம்.

மூன்றாம் ஆட்டத்தில் (ஏப்ரல் 26, சென்னை) கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 9 விக்கெட் இழப்புக்கு 147 ஓட்டங்களே எடுத்தது. ஹேடன் ஆட்டமிழக்காமல் 70 ஓட்டங்கள் எடுத்தார். சென்னை ஒரே விக்கெட்டை இழந்து வென்றது. நான்காம் ஆட்டத்தில் (ஏப்ரல் 28, பெங்களூர்) தோனியின் 65 ஓட்டங்கள் துணை நிற்க, ராயல் சேலஞ்சர்ஸ் அணி 13 ஓட்டங்களால் வீழ்ந்தது. நான்கு ஆட்டங்கள், எட்டுப் புள்ளிகள்.

மூன்று தோல்விகள்

பெங்களூர் ஆட்டத்துடன் ஹேடனும் ஹசியும் விடைபெற்றனர். நியூசிலாந்தின் ஜேக்கப் ஓரம் தம் நாட்டு அணியுடன் இங்கிலாந்து சென்றார். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி நான்கு வெளிநாட்டவரையே களமிறக்கலாம் என்பது விதி. மொகாலியில் சென்னைக்காக ஆடிய நால்வருள் முத்தையா முரளிதரன் தவிர்ந்த மூவரும் ஒரே நேரத்தில் நீங்கிவிட்டனர். நான்கு ஆட்டங்களில் ஹேடன் 189 ஓட்டங்களும் ஹசி 168 ஓட்டங்களும் எடுத்திருந்தனர்.

விளைவு உடனே தெரிந்தது. மே 2 அன்று சென்னையில் டெல்லி டேர்டெவில்ஸ் அணி (2019 பருவம் முதல் டெல்லி கேப்பிட்டல்ஸ்) 8 விக்கெட்டுகளால் வென்றது. வீரேந்தர் சேவாக் 71 ஓட்டங்கள் எடுத்தார். மே 4 அன்று ஜெய்ப்பூரில் நிகழ்ந்தது அதைவிடக் கடுமையானது. ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் பாக்கித்தானிய இடக்கை வேகப்பந்து வீச்சாளர் சொகைல் தன்வீர் 4 ஓவர்களில் 14 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார். சென்னை 109 ஓட்டங்களுக்குள் அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தது. கூட்டிணைவின் மிகச் சிறந்த பந்துவீச்சாக இது 2019 ஏப்ரல் வரை நீடித்தது; அப்போது அல்சாரி ஜோசப் 12 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்து அதனை முறியடித்தார். மே 6 அன்று ஐதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் அணி சென்னைக்கே வந்து 7 விக்கெட்டுகளால் வென்றது. டெக்கான் அப்பருவம் முழுவதிலும் பெற்ற வெற்றிகள் இரண்டே. அவற்றுள் ஒன்று இது.

தொடக்க வெற்றிகளை எவ்வாறு படிப்பது

இங்கு எழும் வினா இது: முதல் நான்கு வெற்றிகள் அணியின் உண்மையான வலிமையைக் காட்டினவா, அல்லது இரு விருந்தினர்களின் வலிமையையா? பெரும்பாலும் இரண்டாவதே என்று சொல்ல இடமுண்டு. ஆனால் புள்ளிப் பட்டியல் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஏப்ரலில் பெற்ற இரண்டு புள்ளியும் மே மாத இறுதியில் பெற்ற இரண்டு புள்ளியும் ஒரே மதிப்புடையவை.

மற்ற அணிகளின் தொடக்கமும் பருவ முடிவை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏப்ரல் 18 அன்று கூட்டிணைவின் முதல் ஆட்டத்தில் கொல்கத்தாவின் பிரண்டன் மெக்கல்லம் 73 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 158 ஓட்டங்கள் எடுத்தார். கொல்கத்தா 222, பெங்களூர் 82. வேறுபாடு 140 ஓட்டங்கள். அத்தகைய தொடக்கம் கண்ட கொல்கத்தா இறுதியில் ஆறாம் இடமே பெற்றது. மெக்கல்லமும் நான்கு ஆட்டங்களுடன் நாட்டு அணிக்குத் திரும்பியவர்தாம். மாறாக, ராஜஸ்தான் தன் முதல் ஆட்டத்தில் டெல்லியிடம் 9 விக்கெட்டுகளால் தோற்றது. அடுத்த ஐந்து ஆட்டங்களையும் வென்று, 22 புள்ளிகளுடன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மும்பை முதல் நான்கையும் தோற்று, அடுத்த ஆறையும் வென்றது. சென்னையின் தொடக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மும்பையின் தொடக்கம் கிடைக்கும்.

இந்நிலை துடுப்பாட்டத்துக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் நேசனல் புட்பால் லீக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது அமெரிக்கக் காற்பந்தாட்டத்துக்கான தொழில்முறைக் கூட்டிணைவு. பந்தைக் கையில் ஏந்தி ஓடவும் எறியவும் இடமளிக்கும் ஆட்டம் அது. ஒவ்வோர் அணியும் வாரம் ஒன்றாக அப்போது 16 ஆட்டங்கள் ஆடியது (2021 முதல் 17). ஆட்டங்கள் குறைவு என்பதால் செப்டம்பர் மாத முடிவுகளே பெரிதாகப் பேசப்படும். 2007 பருவத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி முதல் ஆட்டத்தில் டல்லாஸ் அணியிடம் 35-45 என்றும், இரண்டாவதில் கிரீன் பே அணியிடம் 13-35 என்றும் தோற்றது. இரண்டு ஆட்டங்களில் 80 புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி அது. அடுத்த ஆறையும் வென்று, 10 வெற்றி 6 தோல்வியுடன் முன்னேறி, 2008 பிப்ரவரி 3 அன்று இறுதியாட்டமான சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை 17-14 என வென்றது. பேட்ரியட்ஸ் அதற்கு முன் அப்பருவத்தில் ஆடிய 18 ஆட்டங்களிலும் தோற்கவில்லை. இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் ஆட்டக்காரர் ஏலம் நடந்தது இதற்குப் பதினேழு நாட்கள் கழித்து.

நிகர ஓட்ட வீதம்

இரு அணிகள் சம புள்ளி பெற்றால் அவற்றைப் பிரிப்பது நிகர ஓட்ட வீதம். ஓர் அணி ஓர் ஓவருக்குச் சராசரியாக எடுத்த ஓட்டங்களிலிருந்து, அது ஓர் ஓவருக்குக் கொடுத்த ஓட்டங்களைக் கழித்தால் இது கிடைக்கும். மொகாலி ஆட்டத்தில் சென்னை எடுத்தது ஓவருக்கு 12.00 (240 ÷ 20), கொடுத்தது 10.35 (207 ÷ 20). எனவே +1.65. மும்பைக்கு எதிராக 10.40 - 10.10 = +0.30. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும்போது வீதங்களைக் கூட்டக் கூடாது. ஓட்டங்களையும் ஓவர்களையும் தனித்தனியே கூட்ட வேண்டும். 448 ÷ 40 = 11.20; 409 ÷ 40 = 10.225, வேறுபாடு +0.975.

ஓர் அணி 20 ஓவர்களுக்கு முன்பே அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தால், அது முழு 20 ஓவர்கள் ஆடியதாகவே கொள்ளப்படும். முதல் ஆட்டத்தில் பெங்களூரின் 82 ஓட்டங்கள் 15.1 ஓவர்களில் முடிந்தும் 20-ஆல் வகுக்கப்பட்டு 4.10 ஆயிற்று. கொல்கத்தாவின் 11.10-இலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது +7.00. ஒரே ஆட்டத்தில் இவ்வளவு பெற்றும் கொல்கத்தாவுக்கு அது பயன்படவில்லை; புள்ளிகளே போதவில்லை.

ஆறு ஓட்டங்களின் மதிப்பு

சென்னை மீதமிருந்த ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றது. மே 10 அன்று பஞ்சாப்புக்கு எதிராக இலட்சுமிபதி பாலாஜி கூட்டிணைவின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். மே 14 அன்று மும்பையில் சனத் ஜயசூரிய 48 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 114 ஓட்டங்கள் விளாசிச் சென்னையை வீழ்த்தினார். மே 18 அன்று மழை குறுக்கிட்ட கொல்கத்தா ஆட்டத்தில் மகாயா நிட்டினியும் ஹாட்ரிக் எடுக்க, டக்வொர்த் - லூயிஸ் முறைப்படி சென்னை 3 ஓட்டங்களால் வென்றது. ஹேடனும் ஹசியும் விட்டுச் சென்ற இடத்தை எவரும் தனித்து நிரப்பவில்லை. ரெய்னா (பருவம் முழுவதும் 421 ஓட்டங்கள்), தோனி (414), தலா 17 விக்கெட்டுகள் எடுத்த மன்பிரீத் கோனி, ஆல்பி மோர்க்கல் ஆகியோர் பங்கிட்டுச் சுமந்தனர்.

பதினான்கு ஆட்டங்களின் முடிவில் நிலை இது: ராஜஸ்தான் 22, பஞ்சாப் 20, சென்னை 16, டெல்லி 15, மும்பை 14. முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குச் சென்றன. இப்போது ஏப்ரல் 23-இன் முடிவை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அன்று மும்பை அந்த ஆறு ஓட்டங்களைக் கடந்து வென்றிருந்தால், மும்பைக்கு 16, டெல்லிக்கு 15, சென்னைக்கு 14. மற்ற முடிவுகள் அனைத்தும் அப்படியே இருக்க, மும்பையும் டெல்லியும் அரையிறுதிக்குச் செல்ல, சென்னை ஐந்தாம் இடத்துடன் வீடு திரும்பியிருக்கும். நிகர ஓட்ட வீதத்துக்கே வேலை இருந்திருக்காது. சென்னை பெற்ற 16 புள்ளிகளில் 8, ஹேடனும் ஹசியும் இருந்த பத்து நாட்களில் வந்தவை.

அரையிறுதியும் அதற்குப் பின்னரும்

மே 31 அன்று மும்பையில் நடந்த அரையிறுதியில் பஞ்சாப்பை 9 விக்கெட்டுகளால் வென்ற சென்னை, மறுநாள் நவி மும்பையின் டி. ஒய். பாட்டீல் அரங்கில் இறுதியாட்டத்தில் 5 விக்கெட் இழப்புக்கு 163 ஓட்டங்கள் எடுத்தது. ராஜஸ்தான் கடைசிப் பந்தில் 3 விக்கெட்டுகளால் வென்றது. வெற்றி ஓட்டத்தை எடுத்தவர், மே 4 அன்று ஆறு விக்கெட்டுகள் சாய்த்த அதே சொகைல் தன்வீர்.

ஹேடன் 2009 சனவரியில் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். நாட்டு அணிக்குத் திரும்ப வேண்டிய தேவை இல்லாததால், தென்னாப்பிரிக்காவில் நடந்த இரண்டாம் பருவத்தில் முழுவதும் ஆடி 572 ஓட்டங்களுடன் கூட்டிணைவிலேயே மிக அதிக ஓட்டங்கள் எடுத்தார். அப்பருவத்தைச் சென்னை, மும்பையிடம் 19 ஓட்டங்களால் தோற்றுத் தொடங்கியது. இருப்பினும் அரையிறுதியை எட்டியது.