கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லையா? துடைப்பத்தைத் தூக்காதீர்கள்!

2010-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி. புதன்கிழமை.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் உள்ளது லெக்சிங்டன் நகரம். அந்த ஊர்ப் போலீசார் அன்று ரிப்போர்ட்டுகளைப் பேனாவால் எழுதினார்கள். ரோந்துக் கார்களில் இருந்த கம்ப்யூட்டர்களை நிறுத்தி வைத்தார்கள்.

ரோட் ஐலண்டு மாநிலத்தில் சில ஆஸ்பத்திரிகள் திணறின. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களில் பலத்த காயம் பட்டவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். சில ஆபரேஷன்களைத் தள்ளிப் போட்டார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் அதே கதை. ‘கோல்ஸ்’ என்ற பெரிய பலசரக்குக் கடைகளில் பில் போடும் மெஷின்கள் படுத்துவிட்டன. சில கடைகளைப் பூட்டவேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர்கள் தாமாகவே அணைந்தன. தாமாகவே எழுந்தன. மறுபடியும் அணைந்தன. இதே வேலையாக இருந்தன.

திருடன் புகுந்துவிட்டானா? வைரஸ் பரவிவிட்டதா?

இரண்டும் இல்லை. வைரஸைப் பிடிப்பதற்காக வைத்திருந்த காவல்காரன் செய்த காரியம் அது!

மேஸ்திரியைப் பிடித்தது

அந்தக் காவல்காரனின் பெயர் ‘மெக்காபி’. அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகள் நம்பி வாங்கிய சாப்ட்வேர். புதிய புதிய வைரஸ்களின் அங்க அடையாளங்களைக் கம்பெனி அடிக்கடி அனுப்பிவைக்கும். போலீஸ் ஸ்டேஷனில் கேடிகளின் போட்டோவை ஒட்டி வைப்பது மாதிரி.

அன்று அனுப்பிய பட்டியலின் எண் 5958. அதில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஏராளமான ஆபீசுகளில் ‘விண்டோஸ் எக்ஸ்பி’ ஓடிக்கொண்டிருந்தது. அதில் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்று ஒரு பைல் உண்டு. மேஸ்திரி மாதிரி. நெட்வொர்க்கைக் கவனிக்கிற ஆள், சத்தத்தைக் கவனிக்கிற ஆள் என்று பல வேலைக்காரர்கள் அதன் கீழேதான் வேலை செய்வார்கள். மேஸ்திரி இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும்.

புதிய பட்டியலைப் பார்த்த காவல்காரன், மேஸ்திரியையே கேடி என்று நினைத்துவிட்டான். பிடித்து அடைத்துவிட்டான்!

தவறு தெரிந்ததும், சில மணி நேரத்தில் கம்பெனி அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்றது. ஆனால், அதற்குள் தீங்கு நடந்துவிட்டது. மருந்தை அனுப்பலாம் என்றால், படுத்த கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க்கே இல்லை. எப்படி அனுப்புவது? ஆட்கள் ஒவ்வொரு மேஜையாகப் போனார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மேஸ்திரியைக் கையால் மீண்டும் உட்காரவைத்தார்கள்.

‘இன்டெல்’ கம்பெனியிலும் அன்று கம்ப்யூட்டர்கள் படுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், மெக்காபி கம்பெனியை விலைக்கு வாங்கப்போவதாக அறிவித்தது யார் தெரியுமா? அந்த இன்டெல்தான்!

எந்தப் படியில் நின்றது?

பெரிய ஆஸ்பத்திரிக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டு மேஜையில் இருக்கும் பெட்டி எம்மாத்திரம்? அதில்தான் கல்யாண போட்டோ இருக்கிறது. பையனின் பரீட்சைக் குறிப்பு இருக்கிறது. கடைக் கணக்கு இருக்கிறது.

ஒரு நாள் காலை பட்டனை அமுக்குகிறோம். திரை கறுப்பாகவே இருக்கிறது. வயிறு கலங்குகிறது. பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வருகிறான். “ஒரு கிளீனர் போட்டால் சரியாகிவிடும்” என்கிறான்.

பொறுங்கள்! கம்ப்யூட்டர் விழிப்பதற்குப் பல படிகள் உண்டு.

பட்டனை அமுக்கியதும் முதலில் மின்சாரம் வரவேண்டும். பிறகு, பெட்டிக்குள் இருக்கும் பெரிய பலகையில் ஒரு சிறிய சிப் விழிக்கும். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஆஜர் எடுக்கும். எல்லாரும் இருந்தால், டிஸ்க்கில் உள்ள விண்டோசைத் தட்டி எழுப்பும். அதன் பிறகுதான் விண்டோஸ் தன் பரிவாரங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, பாஸ்வேர்டு கேட்கும்.

எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால், பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

விளக்கே எரியவில்லையா? விசிறியும் சுற்றவில்லையா? அப்படியானால் சாப்ட்வேருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிளக்கைப் பாருங்கள். யு.பி.எஸ். பெட்டியைப் பாருங்கள். வேறொரு பிளக்கில் செருகிப் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மாட்டி முயலுங்கள். இதிலேயே பல பெட்டிகள் எழுந்துவிடும்.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. அப்படியானால் திரைக்குப் போகும் கேபிள் லூசாக இருக்கலாம். மெமரி கார்டு அசைந்திருக்கலாம். சில பெட்டிகள் ‘பீப் பீப்’ என்று கத்தும். கத்தட்டும். எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். மெக்கானிக்குக்கு அது நாடி பிடித்துப் பார்த்த மாதிரி.

தேதி பல வருடங்கள் பின்னால் போய்விட்டதா? பயப்படவேண்டாம். உள்ளே காசு மாதிரி ஒரு வட்ட பாட்டரி இருக்கும். பெரும்பாலும் 2032 என்று எண் போட்டிருக்கும். அது தீர்ந்துபோயிருக்கும். மாற்றச் சொல்லுங்கள். பெரிய செலவு ஆகாது.

விண்டோசைக் காணோம் என்று திரையில் எழுத்து வருகிறதா? முதலில் பென் டிரைவ் செருகி இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகள் பென் டிரைவுக்குள் விண்டோசைத் தேடிவிட்டு, ‘இல்லை’ என்று கைவிரிக்கும். அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள்.

‘டக் டக்’ சத்தமா?

ஒன்றில் மட்டும் மிகவும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பழைய மாதிரி சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ‘டக், டக்’ என்று சத்தம் கேட்கிறதா? உடனே அணைத்துவிடுங்கள். அந்த டிஸ்க் சாகக் கிடக்கிறது. அதன் மேல் ரிப்பேர் சாப்ட்வேரையோ, கிளீனரையோ ஓட்டுவது, மூச்சு வாங்குகிற கிழவரை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. போட்டோக்களை மீட்க இருந்த கடைசிச் சந்தர்ப்பமும் போய்விடும். பெட்டியை அணைத்தபடியே தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

விண்டோஸ் படம் வந்து, அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கிறதா? இதற்கு மருந்து விண்டோசுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும், தொடர்ந்து சில தடவை எழ முடியாமல் போனால், நீல நிறத்தில் ஒரு ரிப்பேர் பக்கம் தானாக வரும். அதில் ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’ இருக்கும். ‘சேப் மோட்’ இருக்கும். சேப் மோட் என்பது பரிவாரம் இல்லாமல் ராஜா மட்டும் வருவது. அப்படி எழுந்துவிட்டால், கடைசியாகப் புகுத்திய சாப்ட்வேர்தான் குற்றவாளி என்று சந்தேகிக்கலாம். அதை நீக்கிப் பார்க்கலாம்.

ரிப்பேர் பக்கம் சில சமயம் 48 இலக்கங்கள் கொண்ட ஒரு சாவி எண் கேட்கும். டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அப்படிக் கேட்கும். பூட்டுப் போட்டதே வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருப்பதும் உண்டு! அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவாகி இருக்கும். பெட்டி நன்றாக இருக்கும்போதே அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பேரேட்டைக் கிழிக்கும் துடைப்பம்

சரி, கிளீனர் என்னதான் செய்கிறது?

இண்டர்நெட் பார்த்தால் குப்பை சேரும். அதைக் கூட்டித் தள்ளுவதில் தவறு இல்லை. டிஸ்க்கில் கொஞ்சம் இடம் கிடைக்கும். அந்த வேலையை விண்டோசே செய்யும். வேறு துடைப்பம் தேவை இல்லை.

அதிலும் கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ என்று அமுக்கக் கூடாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், கூட்டித் தள்ளும் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற அறையையும் சேர்த்துவிட்டார்கள். பலர் முக்கியமான கடிதங்களையும் பில்களையும் அங்கேதான் வைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் டிக் போட்டு அமுக்கினால் அத்தனையும் காலி! 2020-ல் வந்த பதிப்பில்தான் அதைப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள்.

உண்மையான ஆபத்து ‘ரிஜிஸ்ட்ரி’யில் இருக்கிறது. 1995-ல் விண்டோஸ் 95 வந்ததில் இருந்து, கம்ப்யூட்டரின் பேரேடு அதுதான். எந்தச் சாப்ட்வேர் எங்கே இருக்கிறது, எது எதோடு சேர்ந்தது என்ற கணக்கெல்லாம் அதில்தான். பெட்டி விழிக்கும்போது அதைப் படித்துத்தான் விழிக்கிறது.

ரிஜிஸ்ட்ரி கிளீனர் என்பது அந்தப் பேரேட்டில் பழைய பக்கங்களைக் கிழித்துப் போடும் சாப்ட்வேர். “800 தவறுகள் கண்டுபிடித்தேன்!” என்று சிவப்பு எழுத்தில் கூவும். பேரேட்டில் வரிகள் லட்சக்கணக்கில் இருக்கும். அதில் 800 வரியைக் கிழித்தால் வேகம் கூடுமா? கூடாது. கிழித்த வரிகளில் ஒன்று வீட்டுப் பத்திரமாக இருந்துவிட்டால்? அடுத்த நாள் பெட்டி எழாது!

மைக்ரோசாப்ட் கம்பெனியே ஒரு காலத்தில் இப்படி ஒரு கிளீனரை வெளியிட்டுப் பார்த்தது. பிறகு கைவிட்டுவிட்டது. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்றும், அவற்றால் பழுது வந்தால் விண்டோசையே திரும்பப் போடவேண்டி வரலாம் என்றும் சொல்லிவிட்டது.

நாலு கேள்வி, 300 டாலர்

கிளீனர்களில் வெகுளியும் உண்டு. ஜேப்படியும் உண்டு.

அமெரிக்காவில் ‘ஆபீஸ் டிப்போ’ என்று ஒரு கடை. ஊர் ஊராகக் கிளைகள். அங்கே, “உங்கள் கம்ப்யூட்டரை இலவசமாகச் சோதித்துத் தருகிறோம்” என்றார்கள். சோதனை சாப்ட்வேர் முதலில் நாலு கேள்வி கேட்கும். பெட்டி மெதுவாக ஓடுகிறதா? அடிக்கடி நின்றுபோகிறதா? வைரஸ் எச்சரிக்கை வந்ததா? விளம்பரங்கள் குறுக்கே குதிக்கின்றனவா?

நாலில் ஒன்றுக்கு டிக் போட்டாலும் போதும். “வைரஸ் அறிகுறி தெரிகிறது” என்று ரிசல்ட் வந்துவிடும். சோதனை என்ன கண்டுபிடித்தது என்பதற்கும் ரிசல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை! பிறகு, சுத்தம் செய்யக் கட்டணம். 300 டாலர் வரை கறந்தார்கள்.

2016-ல் ஒரு டெலிவிஷன் நிருபர் கூட்டம், பெட்டி பிரிக்காத புத்தம் புதுக் கம்ப்யூட்டர்களை அந்தக் கடைகளுக்குக் கொண்டுபோனது. புதுப் பெட்டிக்கும் நோய் இருப்பதாகச் சொன்னார்கள்! குட்டு உடைந்தது. 2019-ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷனிடம் கடை 2½ கோடி டாலரும், சாப்ட்வேர் கொடுத்த கம்பெனி 1 கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. ஏமாந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக.

நல்ல துடைப்பத்திலும் ஒரு தடவை விஷம் ஏறியது. ‘சிகிளீனர்’ என்பது உலகம் முழுவதும் பேர்போன இலவச சாப்ட்வேர். 2017 ஆகஸ்டில் வந்த அதன் 5.33 பதிப்பில் திருடர்கள் ரகசியமாகத் தங்கள் சரக்கைச் சேர்த்துவிட்டார்கள். கம்பெனியின் சொந்த முத்திரையோடு அது வெளிவந்தது. முத்திரை இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கம்ப்யூட்டர்களில் இறங்கிவிட்டது. திருடர்களின் குறி வீட்டுப் பெட்டிகள் அல்ல. சில பெரிய கம்பெனிகளின் ரகசியங்கள். செப்டம்பரில் பிடிபட்டது.

ஆகவே, திடீரென்று திரையில் “உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, இங்கே அமுக்கு” என்று வந்தால், அமுக்காதீர்கள். அதில் போன் நம்பர் இருந்தால் பேசாதீர்கள். முடிந்தால் ஜன்னலை மூடுங்கள். மூட முடியாவிட்டால் பெட்டியையே அணைத்துவிடுங்கள்.

ரிப்பேருக்குப் போகும்போது

மெக்கானிக் கடையில் எடுத்த எடுப்பில் “பார்மட் பண்ணிவிடலாம் சார்” என்பார்கள். அவர்களுக்கு அது சுலபம். பார்மட் என்றால் வீட்டைக் காலி செய்து வெள்ளையடிப்பது. உள்ளே இருக்கும் சாமான் எல்லாம் போய்விடும். “முதலில் டிஸ்க்கைக் கழற்றி, போட்டோக்களையும் பைல்களையும் வேறு டிஸ்க்கில் எடுத்துக் கொடுங்கள், பிறகு பார்மட் செய்யுங்கள்” என்று சொல்லவேண்டும். விண்டோஸ் எழவில்லை என்றால் பைல்கள் போய்விட்டதாக அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அவை பத்திரமாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு அழிப்பது நாம்தான்.

மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமை

2010-ல் நடந்த கூத்து அதோடு முடிந்ததா? இல்லை.

2024 ஜூலை 19. வெள்ளிக்கிழமை. ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்ற காவல் சாப்ட்வேர் ஒரு பைலை அனுப்பியது. அதில் தவறு. உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு விழுந்தன. விழித்தன, மறுபடி விழுந்தன. விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

கம்ப்யூட்டரை சேப் மோடில் எழுப்பி, அந்த ஒரு பைலை மட்டும் நீக்கவேண்டும். அதுதான் மருந்து. இந்தத் தடவையும் ஆட்கள் மேஜை மேஜையாகப் போனார்கள். தூரத்தில் இருந்து இயங்கும் சில கம்ப்யூட்டர்களை 15 தடவை வரை அணைத்து அணைத்துப் போட்டால் எழுவதாகவும் மைக்ரோசாப்ட் கூறியது.

கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியின் தலைவர் பெயர் ஜார்ஜ் கர்ட்ஸ். 2010-ல் காவல்காரன் மேஸ்திரியைப் பிடித்து அடைத்த அந்தப் புதன்கிழமை, மெக்காபி கம்பெனியில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவரும் அவரேதான்!