கணிப்பொறிக்கும் மாற்றல் உண்டு

நம் சங்கத்தில் பாதிப்பேர் மாற்றலில் இந்த ஊருக்கு வந்தவர்கள். சென்ற பொங்கல் விழாவில் ஒரு நண்பர், "உங்களுக்கு ஆபீஸில் என்ன வேலை சார்?" என்று கேட்டார். "கணிப்பொறிகளுக்கு மாற்றல் போடும் வேலை" என்றேன். சிரித்தார். நான் சொன்னது வேடிக்கைக்கு அல்ல.

இன்று ஒரே சர்வருக்குள் பத்து, இருபது கணிப்பொறிகள் இயங்குகின்றன. இவை தனிப் பெட்டிகள் அல்ல. மென்பொருளால் ஆன மெய்நிகர் கணிப்பொறிகள். இவற்றை நிர்வகிப்பது ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள். இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தாமலேயே வேறு சர்வருக்கு மாற்றலாம். விஎம்வேர் நிறுவனம் 2003-இல் இந்த வசதியைக் கொண்டுவந்தது.

ஆனால் எல்லா ப்ராசஸர்களும் ஒன்றல்ல. இன்டெல் தன் ப்ராசஸர்களில் 2011-இல் ஏவிஎக்ஸ் கட்டளைகளையும், 2013-இல் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளையும் சேர்த்தது. எனவே ஒரு ப்ரோகிராம் தொடங்கும்போது, சிபியுஐடி என்ற கட்டளை மூலம் "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று ப்ராசஸரைக் கேட்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான். பிறகு அந்தப் பதிலை நம்பியே நடக்கிறது.

குழாய் எரிவாயுவுக்கு ஏற்ப அடுப்பை மாற்றிக்கொண்ட குடும்பம், சிலிண்டர் மட்டுமே கிடைக்கும் ஊருக்கு மாற்றலானால் என்ன ஆகும்? 2019-இல் எனக்கு நேர்ந்தது அதுதான். எங்களிடம் 2012-இல் வாங்கிய சர்வர்கள் இரண்டு, 2017-இல் வாங்கியது ஒன்று. சம்பளக் கணக்கு புதியதில் இருந்தது. வேகம் வேண்டும் என்று, ப்ராசஸரின் எல்லா வசதிகளையும் அப்படியே காட்டும்படி நான்தான் அமைத்திருந்தேன். மாதக் கடைசி இரவு, நினைவகப் பழுதுக்காக அதைப் பழைய சர்வருக்கு மாற்றினேன். சில நிமிடங்களில் 'தெரியாத கட்டளை' என்று சொல்லி ப்ரோகிராம் நின்றுவிட்டது. சம்பளம் ஒரு நாள் தாமதமாயிற்று. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்று காத்திருந்த எங்கள் காவலாளியின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. சிபியுஐடி கேள்விக்கு மெய்நிகர் கணிப்பொறியில் பதில் சொல்வது ஹைப்பர்வைசர்தான். எல்லா சர்வர்களுக்கும் பொதுவான வசதிகளை மட்டுமே அது சொல்லும்படி அமைக்கலாம். விஎம்வேரில் 2008 முதல் உள்ள இந்த ஏற்பாட்டுக்கு ஈவிசி என்று பெயர். கேவிஎம் பயன்படுத்துவோர் பொதுவான ஒரு ப்ராசஸர் மாதிரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

சில எச்சரிக்கைகள். அமைப்பை மாற்றிய பின் மெய்நிகர் கணிப்பொறியை முழுவதும் அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். உள்ளிருந்து ரீபூட் செய்வது போதாது. ஒரே மாதிரி ப்ராசஸராக இருந்தாலும் மைக்ரோகோட் வேறுபட்டால் வசதிகளும் வேறுபடலாம். 2018-இல் ஸ்பெக்டர் குறைபாட்டுக்காக வந்த திருத்தங்கள் புதிய வசதிகளையே சேர்த்தன. இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு ஓடும் நிலையில் மாற்ற நினைக்காதீர்கள். நிறுத்தித்தான் மாற்ற வேண்டும்.

அதற்காக ஒரேயடியாகக் கீழே இறங்குவதும் தவறு. ஏஇஎஸ் வசதியை மறைத்தால் தகவலை மறையாக்கம் செய்யும் வேலை மந்தமாகும். 2022-இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, எக்ஸ்86-64-வி2 என்ற நிலைக்குக் கீழே தொடங்கவே மறுக்கும். நம்மிடம் உள்ள மிகப் பழைய சர்வர் எதுவோ, அதன் அளவே சரியான அளவு. அந்தப் பழைய சர்வருக்கு ஓய்வு கொடுக்கும் நாளில் அளவை உயர்த்திக்கொள்ளலாம்.

மாற்றல் உத்தரவு வந்ததும் போகிற ஊரில் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரிக்கிறோம் அல்லவா? கணிப்பொறிக்காக அந்த விசாரணையை நாம்தான் செய்ய வேண்டும். நான் அதை ஒரு மாதக் கடைசியில் கற்றுக்கொண்டேன். நீங்கள் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.