எள்ளுக்குள் உறையும் செல்வம்

வித்து என்பது தாய்ச்செடி தன் வழித்தோன்றலுக்குக் கட்டியனுப்பும் கட்டுச்சோறு. வேர் மண்ணைப் பற்றி, இலை வெயிலை ஏற்கும்வரை முளைக்கு வேண்டிய கொழுப்பும் புரதமும் தாதுக்களும் அதனுள் செறிந்துள்ளன. அச்செறிவே உண்போர்க்கும் நலம் பயக்கிறது. ஆயினும் அது நமக்கென வைக்கப்பட்டதன்று. தோலும், உள்ளுறையும் சில வேதிப்பொருள்களும் அதைக் காத்து நிற்கின்றன. அக்காவலைக் கடக்கும் வழியைச் சமையற்கலை தொன்றுதொட்டே கண்டுள்ளது.

எள்ளையே எடுத்துக்கொள்வோம். அரப்பா அகழாய்வில் கரிந்த எள்மணிகள் கிடைத்துள்ளன. அத்துணைத் தொன்மை வாய்ந்தது நம் நிலத்து எள். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். ஐந்திலொரு பங்கிற்குச் சற்றுக் குறைவு புரதம். நூறு கிராமில் 12 கிராம் அளவு நார்ச்சத்து. எண்ணெயில் பெரும்பகுதி ஒலீயிக், லினோலீயிக் என்னும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள். உணவில் நிறைவுற்ற கொழுப்பின் இடத்தை இவை பெறும்போது குருதியில் தீய கொழுப்பு குறைகிறது. எள்ளில் மிகுந்துள்ள தாவர ஸ்டீரால்களும், குடல் கொலஸ்டிராலை உறிஞ்சுவதைக் குறைத்து இதற்குத் துணைபுரிகின்றன.

சுண்ணாம்புச்சத்தில்தான் ஒரு நுட்பம் உண்டு. தோலுடன் கூடிய எள் நூறு கிராமில் ஏறத்தாழ 975 மில்லிகிராம் அச்சத்து உள்ளது. பாலை விஞ்சிய அளவென்று பலரும் இதைப் போற்றுவர். ஆனால் அதன் பெரும்பகுதி தோலில் ஆக்சலேட்டோடு பிணைந்து கிடப்பதால் உடலில் சேர்வது குறைவு. தோலை நீக்கினாலோ ஆக்சலேட்டோடு சுண்ணாம்புச்சத்தின் பெரும்பங்கும் போய்விடும். எனவே எள்ளைப் பாலுக்கு மாற்றாகக் கொள்வதினும், செம்பு, மக்னீசியம், துத்தநாகம் ஆகியவற்றின் நல்லூற்றாகக் கொள்வதே நேரிது. தாதுக்களைப் பற்றிக்கொள்ளும் பைட்டிக் அமிலம் வித்தில் உண்டு. ஊறவைத்தால் அது ஓரளவு தணியும்.

வாணலியில் எள் படபடவென வெடிக்கும்போது மணம் மட்டும் எழுவதில்லை. செசமோலின் என்னும் லிக்னான் வகைத் தாவரச் சேர்மம் சிதைந்து செசமால் உருவாகிறது. இது ஆக்சிசனேற்றத்தைத் தடுத்து, எண்ணெய் எளிதில் சிக்குப் பிடியாமல் காக்கிறது. வறுத்ததை இடிப்பது அதனினும் இன்றியமையாதது: மெல்லாமல் விழுங்கிய எள்மணி குடலை முழுதாகவே கடந்து செல்லவும் கூடும்.

நம் அடுக்களையின் நுண்ணறிவை நான் பெரிதும் வியப்பது இட்லிப் பொடியில்தான். எள்ளின் புரதத்தில், அமினோ அமிலங்களுள் மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு. உளுந்திலும் கடலைப்பருப்பிலும் இது தலைகீழ். இரண்டும் ஒரே உரலில் இடிபடும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. கொண்டைக்கடலையையும் எள்விழுதையும் கலந்து அரேபியர் உண்ணும் ஹம்மசிலும் இதே இணக்கம் உண்டு.

நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி எள் போதும். அதுவே ஏறத்தாழ ஐம்பது கலோரி தரும். எள் ஒவ்வாமை உடையோர் இதை அறவே விலக்க வேண்டும். அமெரிக்கா 2021-இல் இயற்றிய சட்டத்தால் எள்ளும் அங்கே முதன்மை ஒவ்வாமைப் பொருள்களுள் ஒன்றாயிற்று.

நல்லெண்ணெய் உண்டால் எள் உண்டதாகாது. செக்கிலிட்டுப் பிழிந்தபின் புரதமும் நார்ச்சத்தும் தாதுக்களும் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றன. செக்கடியில் சூடாறாத புண்ணாக்கைக் கருப்பட்டியோடு தின்ற ஊர்ப்பிள்ளைகளுக்கு அவை கிட்டின. இன்று பெரும்பாலும் மாட்டுத் தொட்டிக்கே போகின்றன.